மத்திஞோன் ஹோட்டலில் ஆள் எடுக்கிறார்களா?

1

போன திங்கட்கிழமை முற்பகல், வில்லியனூரைச் சேர்ந்த ஜாஃபர் என்ற சமையற்காரர் பிரான்ஸ் நாட்டுப் பிரதமரின் மாளிகைக்கு வேலை கேட்டுப் போனார். சமையற்கட்டில் ஏதாவது இடம் காலியாக இருக்கிறதா என்று வாசலில் நின்று விசாரித்தார்.

பழைய தொழில் புத்தி. யார், எங்கே, எப்போது என்பதை முதல் வரியிலேயே வைத்துவிட்டேன். ஏன் என்பதற்குத்தான் இனிமேல் இடம் வேண்டும். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம்கூடச் சொல்லியிருப்பேன். ஆனால் இதைப் பிரெஞ்சில் சொன்னால் பாதி செத்துவிடும். வில்லியனூரும் பாகூரும் தெரிந்தவர்களுக்குத்தான் முழுசாகப் புரியும். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

ஜாஃபருக்கு முப்பது வயது. வில்லியனூர்க் கடைத்தெருவில் அவனுடைய அத்தாவுக்குத் துணிக்கடை. என் அப்பாவும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியைக் கொடுத்துவிட்டுப் போனபின், பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று சில மாதங்கள் அவகாசம் வந்தது அல்லவா, அதன் கடைசி நாளில் என் அப்பா பஸ் ஏறிப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அவர் பழைய பட்டாளத்துக்காரர், நம் பக்கத்துப் பேச்சில் சொல்தா. பென்ஷன் நின்றுவிடுமோ என்று பயம். ஜாஃபரின் அத்தா போகவில்லை. அன்றைக்குக் கடையில் பண்டிகை வியாபாரம். "வியாபாரத்த வுட்டுட்டு எவன்டா டவுனுக்குப் போயி வரிசைல நிப்பான்?" என்று கேட்டாராம்.

அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு பகல் வியாபாரம். அதன் பலனாக நான் இங்கே பிரெஞ்சுக் குடிமகன், அவருடைய மகன் இங்கே காகிதமில்லாதவன்.

ஜாஃபர் சுற்றுலா விசாவில் வந்து தங்கிவிட்டான். மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. அவன் கிளம்பும்போது மனைவி ஜமீலா முழுகாமல் இருந்தாள். பிறந்தது பெண். பெயர் நசீமா. அவன் மகளைப் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறான். ஊருக்குப் போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். போனால் திரும்பி வர முடியாது. திரும்பி வராவிட்டால் கடையையும் குடும்பத்தையும் நிமிர்த்த வழியில்லை. கையில் தங்கும் கார்டு இருந்தால் போகலாம், வரலாம்.

போன வருடம் இங்கே ஆட்சி மாறியது. இப்படிக் காகிதமில்லாமல் வேலை செய்கிற வெளிநாட்டவர்களுக்குக் கார்டு தரப்போவதாகப் புதிய அரசாங்கம் அறிவித்தது. ஒரு நிபந்தனை: இவன் என்னிடம் வேலை பார்க்கிறான் என்று முதலாளி கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். ஜாஃபரின் முதலாளி போடமாட்டேன் என்றார். அவருக்குச் சிறிய உணவகம், ஊழியர் நான்கு பேர். ஜாஃபரைக் கணக்கில் காட்டாமல் வைத்திருந்தவர். கையெழுத்துப் போட்டால் தன் குற்றத்தைத் தானே எழுதிக் கொடுத்ததுபோல் ஆகும் என்று பயந்தார். முதலாளியை இங்கே 'பத்ரோன்' என்பார்கள். "பத்ரோன் நல்லவருதாண்ணே, கையெழுத்து மட்டும் வராது" என்பான் ஜாஃபர்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

3

என் வேலையைச் சொல்லவேண்டும். பாரிஸில் ஒரு கத்தரிப்பு நிறுவனத்தில் இருக்கிறேன். பெயரைக் கேட்டுத் தையற்கடை என்று என் அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். பத்திரிகைகளைப் படித்து, இன்னின்ன நிறுவனங்களைப் பற்றி என்ன வந்திருக்கிறது என்று பார்த்து, அந்தச் செய்திகளை வெட்டி ஒட்டி அவர்களுக்கு அனுப்புகிற வேலை. கம்பெனிகளைப் பற்றிய செய்தியைக் கண்டுபிடிப்பது சுலபம், பெயரிலேயே இருக்கும். அரசாங்கத்தைப் பற்றிய செய்தியில்தான் அரசாங்கம் என்ற சொல்லே இருக்காது. எலிசே வருந்துகிறது என்றிருக்கும். எலிசே ஜனாதிபதி குடியிருக்கும் அரண்மனை. மத்திஞோன் மௌனம் என்றிருக்கும். மத்திஞோன் பிரதமரின் மாளிகை. வெளியுறவு அமைச்சகத்துக்கு அது நிற்கிற ஆற்றங்கரையின் பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இத்தனை செங்கல் கட்டடங்களுக்கு இவ்வளவு கோபதாபங்களா என்று மலைத்துப் போனேன்.

ஆனால் ஊரில் நானும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். அறுபதுகளின் கடைசியில் புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு மாலைப் பத்திரிகைக்கு நான் வில்லியனூர், பாகூர் வட்டார நிருபர். சைக்கிள்தான் அலுவலகம். ஒருநாள் அபிஷேகப்பாக்கத்து டீக்கடையில் எங்கள் பத்திரிகையை ஒருவர் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். 'வெள்ளை மாளிகை கவலை' என்று தலைப்பு. நடவுக்கு நடுவே டீ குடிக்க வந்த ஒருவர் கேட்டார்:

"மாளிகைக்கு இன்னாய்யா கவல?"

"தெரில. உள்ள படிச்சாத்தான் தெரியும்."

"சுண்ணாம்பு அடிச்சு ரொம்ப நாளாயிருக்கும். பொங்கலு வருதில்ல?"

சிரிக்காமல் சொன்னார். நான் டீ கிளாஸை வைத்துவிட்டு வெளியே போய்ச் சிரித்தேன்.

எங்களுக்கு வாய்த்த கட்டடம் மேரி. நகராட்சி அலுவலகத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பெயர். அதை அவர்கள் உச்சரிப்பதும், நம் கிறிஸ்தவப் பெண்களுக்கு வைக்கிற மேரியும் நம் வாயில் ஒன்றேதான். தலைப்பு எழுதுகிறவனுக்கு அந்தச் சொல் அமுதம். இரண்டே எழுத்து, ஒற்றைப் பத்தியில் எவ்வளவு பெரிய எழுத்திலும் அடங்கும். ஒருமுறை எங்கள் பக்கத்து மேரி ஒன்று சந்தையில் பந்தல் போட அனுமதிக்கவில்லை. பத்திரிகையின் விளம்பரச் சுவரொட்டியில் செய்தி ஆசிரியர் போட்டார்: 'மேரி மறுப்பு! ஊரார் அதிர்ச்சி!'

தவளக்குப்பம் கூட்டுரோட்டில் கடலூர் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் அதைப் பார்த்தார். வில்லியனூர்ப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவப் பங்குக் கிராமத்து மேரியை அவருடைய அக்காள் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அடுத்த ஞாயிறு நிச்சயம். அவர் பஸ்ஸை விட்டுவிட்டு, யாரிடமோ சைக்கிள் வாங்கிக்கொண்டு நேரே பெண் வீட்டுக்கு மிதித்தார். "பொண்ணு வேணான்னுதாமே? எங்கிட்ட சொல்லக்கூடாதா? போஸ்டர் போட்டாத்தான் தெரியணுமா?" பெண்ணின் அப்பா ஒன்றும் புரியாமல் நின்றார். உள்ளேயிருந்து மேரி சொன்னாள்: "பரவால்லியே, என்ன ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல. பேப்பர்காரனாவது கேட்டுப் போட்டிருக்கான்."

நிச்சயம் நடந்தது. அந்த மேரிக்கு நாலு பிள்ளைகள்.

நம் தமிழுக்கு இதெல்லாம் புதிதுமில்லை. நம் ஆண்கள் யாராவது மனைவி என்று சொல்கிறோமா? வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்கிறோம். போன மாதம் அந்துவான் அண்ணனிடம் நான் தொலைபேசியில், "ஞாயித்துக்கிழம வாங்க, வீட்ல சொல்லிட்டாங்க" என்றேன். என் மகள் லூசிக்குப் பதினொரு வயது. தமிழ் அவளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருக்கிறது. அவள் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "வீடு பேசுமாப்பா?" என்று கேட்டாள். அடுக்களையிலிருந்து என் மனைவி ரீத்தா, "பேசும். நல்லாவே பேசும். கேக்கத்தான் ஆளில்ல" என்றாள்.

4

நான் சொல்லவந்த திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் நாலு பேர் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். நான், ரீத்தா, ஜாஃபர், அந்துவான் அண்ணன். லூசி ஒரு மூலையில் வீட்டுப்பாடம்.

அந்துவான் அண்ணன் வில்லியனூரை ஒட்டிய பங்குக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர், ஓய்வுபெற்ற சொல்தா. அறுபது வயதிலும் சட்டையை இஸ்திரி போடாமல் வெளியே வரமாட்டார். பிரெஞ்சுப் பத்திரிகையின் தலைப்புகளைச் சத்தமாகப் படித்து எல்லோருக்கும் மொழிபெயர்ப்பது அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கடமை. தலைப்புக்குக் கீழே போகமாட்டார். எழுத்து பொடி என்பார்.

கார்டு விண்ணப்பத்துக்கான அவகாசத்தை நீட்டிக்கப் பிரதமர் அலுவலகம் யோசிப்பதாக அன்று முதல் பக்கத்தில் செய்தி. தலைப்பில் வழக்கம்போல மாளிகைதான் இருந்தது, கதவைச் சற்றுத் திறந்துகொண்டு. அந்துவான் அண்ணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். பிறகு தொடையில் தட்டினார்.

"டேய் ஜாஃபரு! மத்திஞோன் கதவத் தொறந்துட்டான்டா! காகிதமில்லாதவனுக்குத்தான்! போட்டிருக்கான் பாரு!"

ஜாஃபர் எழுந்தே நின்றுவிட்டான். "யாருண்ணே அது மத்திஞோனு?"

"அட, மத்திஞோன்டா! மத்திஞோன் தெரியாதா உனுக்கு?"

விளக்கம் சொல்வதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. சத்தத்தைக் கூட்டினால் புரியும் என்பது அவர் கட்சி. அந்த நேரம் பார்த்து எனக்குத் தொலைபேசி வந்தது. முன்னறையில் போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். அதற்குள் லூசி உதவிக்கு வந்தாளாம். பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் பாடம் நடந்திருந்தது. தன் அரைத் தமிழில் சொன்னாள்: "தொந்தோன் ஜாஃபர், மத்திஞோன் ஆள் இல்ல. அது ஒரு ஒத்தெல். வாரென் தெருவுல இருக்கு. பெரிய ஒத்தெல்."

தொந்தோன் என்றால் மாமா. ஒத்தெல் என்றால் பிரெஞ்சில் ஹோட்டலும்தான், பழைய பிரபுக்களின் மாளிகையும்தான். குழந்தை சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பிரதமரின் மாளிகைக்குப் பெயரே ஒத்தெல் மத்திஞோன்தான்.

அடுப்பங்கரையில் மூன்று வருடம் வெந்தவனுக்கு ஒத்தெல் என்றால் வேறென்ன தோன்றும்? காகிதமில்லாத ஆட்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிற ஒரு பெரிய ஹோட்டல். அங்கே வேலை கிடைத்தால் அந்த முதலாளி கையெழுத்துப் போடுவார். அந்தப் பத்திரிகையை மடித்துத் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு போனான். கார்டு செய்தி என்பதால் கேட்கிறான் என்று நினைத்தேன்.

5

மறுநாள் அலுவலகத்தில் எனக்குத் தொலைபேசி வந்தது. ரீத்தா. அவள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டதே கிடையாது.

"ஜாஃபரு வந்து உங்க கோட்டும் டையும் வாங்கிட்டுப் போனாரு. இன்னிக்கு அவருக்கு லீவாம்."

"சரி."

"மத்திஞோன் ஹோட்டல்ல ஆள் எடுக்கிறாங்களாம், போயி பாக்கறேன் அண்ணின்னாரு. படி எறங்கினப்புறந்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. ஏங்க, நீங்க தெனம் வெட்டற மத்திஞோன்தானே அது?"

நான் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். நாற்காலி பின்னால் விழுந்த சத்தம் மட்டும் நினைவிருக்கிறது.

காகிதமில்லாத ஒருவன் இந்த நகரத்தில் போகக்கூடாத இடம் எது என்று கேட்டால், சீருடைக்காரர்கள் பகலிரவாகக் காவல் நிற்கிற ஒரு கதவு. அங்கேதான் அவன் இஸ்திரி போட்ட கோட்டில், நேராக, சிரித்த முகத்தோடு போய்க்கொண்டிருந்தான். பிடித்தால் காவல் நிலையம், அதன்பின் விமானம். மகளைப் பார்ப்பான், ஆனால் இங்கே திரும்ப முடியாது. மூன்று வருடமும் வீண். மெட்ரோவில் ஒவ்வொரு நிலையத்திலும் கதவு மூடுவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தை நான் மன்னிக்கவே போவதில்லை.

வாரென் தெருவில் ஓடும்போதுதான் மேல்கோட்டுப் பைக்குள் என்னவோ தொடையில் குத்தியது. வெட்டிக்கொண்டிருந்த கையோடு பையில் போட்டுக்கொண்ட அலுவலகக் கத்தரிக்கோல். ஒரு சாண் நீளம். பிரதமரின் வாசலுக்கு அதோடு ஓடுகிறவனைப் பற்றி மறுநாள் பத்திரிகையில் எந்தப் பத்தியில் வரும் என்று மூளை ஒரு பக்கம் கணக்குப் போட்டது. பையைக் கையால் பொத்திக்கொண்டு நடக்கத் தொடங்கினேன்.

பெரிய வளைவுக் கதவு. அதன் முன் இரண்டு காவலர்கள், ஒருவர் தடித்த மீசைக்காரர், மற்றவர் இளையவர். நடுவில் என் கோட்டில் ஜாஃபர். கையில் அந்தப் பத்திரிகை.

"இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்றார் மீசைக்காரர்.

ஜாஃபர் தன் அடுப்பங்கரைப் பிரெஞ்சில் சொன்னான்: "நான் சமையற்காரன். மத்திஞோன் கதவு திறந்தது. எனக்குக் காகிதம் இல்லை. அதனால் வந்தேன்." பத்திரிகையை விரித்துத் தலைப்பின் மேல் விரலை வைத்தான்.

இளையவரின் முகம் மாறியது. "காகிதமே இல்லையா?"

"இல்லை" என்றான் ஜாஃபர், ஆமாம் என்கிற உற்சாகத்தில். "இருந்தால் ஏன் வருகிறேன்?"

நான் முன்னால் போய் என் அடையாள அட்டையை நீட்டி, இவர் எனக்குத் தம்பி மாதிரி, ஒரு தவறுதல் நடந்துவிட்டது என்றேன். மீசைக்காரர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவருக்கு முழுவதையும் ஜாஃபரின் வாயாலேயே கேட்கவேண்டும் போலிருந்தது.

"இது ஒத்தெல் என்று உங்களுக்கு யார் சொன்னது?"

"ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்."

"நன்றாகப் படிக்கிற பெண்" என்றார் அவர். "ஒத்தெல்தான். மறுக்க முடியாது." தலைப்பை ஒருமுறை படித்தார். திரும்பித் தன் பின்னால் மூடியிருந்த கதவைப் பார்த்தார். பிறகு இளையவரிடம் மெதுவாகச் சொன்னார்: "கதவு திறந்திருப்பதாகப் பத்திரிகையில் போட்டிருக்கிறது. அந்தக் கதவுக்கு முன்னாலேயே இவரைப் பிடித்தோம் என்றால் நாளைக்கு அவர்கள் என்ன தலைப்புப் போடுவார்கள், யோசித்துப் பார்."

இளையவர் யோசித்தார். நானும் யோசித்தேன். அருமையான தலைப்பாக இருந்திருக்கும்.

மீசைக்காரர் ஜாஃபர் பக்கம் திரும்பினார். "என்ன சமைப்பீர்கள்?"

"பிரியாணி. மீன் சூப். உங்கள் ஊர்ச் சாப்பாடு எல்லாம்."

"இப்போது எங்கே சமைக்கிறீர்கள்?"

ஜாஃபர் உணவகத்தின் பெயரையும் தெருவையும் சொன்னான். மீசைக்காரர் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார். தன் மனைவிக்கு மீன் சூப் உயிர், ஒருநாள் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். "இங்கே சமையற்கட்டில் இப்போது இடமில்லை. வருத்தமாக இருக்கிறது. நீங்கள் கிளம்பலாம்."

ஜாஃபர் இருவருக்கும் கை கொடுத்தான். எனக்குக் கொடுக்க ஒரு கைதான் இருந்தது. இன்னொன்று கத்தரிக்கோலைப் பொத்திக்கொண்டிருந்தது.

6

தெருமுனை திரும்பியதும் அவனிடம் உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். அவன் விடவில்லை.

"எம்மாம் மரியாதண்ணே! எடமில்லன்னு சொல்றதக்கூட எப்டி சொல்றாங்க பாத்தீங்களா? வாசல்ல நிக்கற வாட்ச்மேனுக்கே அப்டி ஒரு டிரெஸ்ஸு. எங்க பத்ரோன் மூணு வருஷத்துல ஒருநாளு கை குடுத்திருப்பாரா? நேரா போயி அவருகிட்ட சொல்லப்போறன். எனுக்கும் வேற எடம் கெடைக்கும்னு தெரியட்டும். நீங்களும் வாங்கண்ணே."

அந்த நேரத்தில் அது யார் வீடு என்று சொன்னால், அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு கடைசித் தேதி முடியும்வரை வெளியே வரமாட்டான் என்று எனக்குத் தோன்றியது. கூடவே போனேன்.

திங்கட்கிழமை ஆதலால் உணவகம் மூடியிருந்தது. பத்ரோன் உள்ளே தனியாகக் கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். ஜாஃபரை டையோடு பார்த்ததும் புருவம் ஏறியது.

"என்ன விசேஷம்?"

"பத்ரோன், நான் இன்றைக்கு மத்திஞோனுக்குப் போனேன்."

துணி கோப்பைக்குள் நின்றது. "எங்கே?"

"மத்திஞோன். வாரென் தெரு."

"எதற்கு?"

"என் வேலை விஷயமாக."

பத்ரோன் கோப்பையை மிகவும் மெதுவாகக் கீழே வைத்தார். "அவர்கள் என்ன சொன்னார்கள்?"

"ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். எங்கே வேலை செய்கிறாய் என்று கேட்டார்கள். சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்."

"எழுதிக்கொண்டார்களா?"

"பெயர், தெரு எல்லாம். ஒருநாள் வருகிறோம் என்றார்கள்."

பத்ரோன் என் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்கள்?"

"நான் பத்திரிகை சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிறேன்" என்றேன். இருக்கிறேன்தானே.

அவர் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். எத்தனையோ முறை மத்திஞோன் என்ற சொல்லைப் பத்திரிகையில் படித்திருக்கிறேன், எவ்வளவோ வெட்டியிருக்கிறேன். ஒரு மனிதன் காதில் அது விழுந்து வேலை செய்வதை அன்றுதான் நேரில் பார்த்தேன். ஜாஃபர் சொன்னது ஒரு ஹோட்டலை. பத்ரோன் கேட்டது ஓர் அரசாங்கத்தை. நடுவில் நான், இரண்டு மொழியும் தெரிந்தவன், ஒரு சொல்லையும் திருத்த இடமில்லாமல் நின்றேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் பிழை பார்த்தேன். எல்லாம் நடந்தது நடந்தபடிதான் இருந்தது.

"அந்தத் தாளைக் கொண்டுவந்திருக்கிறாயா?" என்றார் பத்ரோன்.

முதலாளி கையெழுத்துப் போடவேண்டிய அந்தச் சான்றை ஜாஃபர் ஐந்து வாரமாக உள்சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். பத்ரோன் படித்துக்கூடப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார். தாளைக் கொடுக்கும்போது, "அவர்கள் வரும்போது நல்லபடியாகச் சொல்வாய்தானே?" என்று கேட்டார்.

"வந்தால் நானே சூப் வைத்துக் கொடுப்பேன்" என்றான் ஜாஃபர்.

7

வெளியே வந்ததும் அவன் அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடைபாதையில் குதித்தான். "பாத்தீங்களாண்ணே! வேற ஹோட்டலுக்குப் போயிடுவன்னு பயந்துட்டாருண்ணே! நம்ம கைப்பக்குவம் அப்டி!"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. சொன்னேன். அது யார் வீடு, வாட்ச்மேன்கள் யார், பத்ரோன் எதைக் கேட்டு எதற்குப் பயந்தார், எல்லாம்.

ஜாஃபர் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"பிரதமருங்களாண்ணே?"

"ஆமாம்டா."

"அவுரு உள்ள இருந்திருப்பாரா?"

"இருந்திருக்கலாம்."

"ஐயையோ. அந்த வூட்டு வாசல்ல நின்னுகினா எனுக்குக் காகிதமில்லன்னு கத்துனன்?"

"மீன் சூப் வெப்பேன்னும் சொன்னே."

முதலில் அவன் தோள்தான் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு எனக்கும் வந்தது. பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பிரெஞ்சுக்கார அம்மாக்கள் எங்களைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். ஒரு பஸ் வந்து போனது, நாங்கள் ஏறவில்லை.

மறுநாள் காலையில் வரிசையில் நின்று விண்ணப்பத்தைக் கொடுத்தோம். மாவட்ட ஆட்சியகத்தில் முகப்பில் இருந்த பெண் கையெழுத்தைப் பார்த்தாள், முத்திரையைப் பார்த்தாள், எல்லாம் இருக்கிறது என்று சொல்லி ரசீது கொடுத்தாள். கார்டு தயாராகச் சில மாதங்கள் ஆகும் என்றாள். அந்த வரிசையில் நூற்றுக்கணக்கானவர்கள் நின்றார்கள். யாராவது தாளில் குறை என்று திருப்பி அனுப்பப்பட்டால் வரிசையில் நிற்பவர்கள் அவரவர் தாளை இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பார்கள். ஜாஃபர் வெளியே வந்தபோது முன்பின் தெரியாத ஓர் ஆப்பிரிக்கர் அவன் முதுகில் தட்டினார்.

அங்கிருந்து ரயிலுக்கு நடக்கும் வழியில் ஒரு செருப்புக்கடை. ஜாஃபர் கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டான். குழந்தைகளுக்கான சிவப்புத் தோல் செருப்பு, பக்கத்தில் சிறிய வாருடன்.

"அண்ணே, மூணு வயசுப் புள்ளைக்குக் கால் எம்மாம் பெருசு இருக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. லூசிக்கு மூன்று வயதாக இருந்தது எப்போதோ. நான் ஒரு சாண் காட்டினேன். அவன் தலையசைத்துவிட்டு அரைச் சாண் காட்டினான். உள்ளே போனோம். கடைக்காரப் பெண் என்ன அளவு என்று கேட்டாள். குழந்தை இந்தியாவில் இருக்கிறாள் என்றேன். எப்போது போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று கேட்டாள். ஜாஃபர் சட்டைப் பையிலிருந்த ரசீதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"கார்டு வந்து நீ போறதுக்குள்ள கால் வளர்ந்துடும்டா" என்றேன். "கொஞ்சம் பெருசாவே வாங்கு."

அவன் ஒரே மாதிரியில் மூன்று ஜோடி எடுத்தான். பெரியது, அதற்கும் பெரியது, பிறகு உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ஜோடி. நடக்கக் கற்றுக்கொள்ளும் குழந்தைகளுக்கானது அது.

"பெரிய ரெண்டும் சரி" என்றேன். "அந்தச் சின்னது நசீமாவுக்கு இனிமே நுழையவே நுழையாதுடா."

"தெரியும்ணே" என்றான் ஜாஃபர். "அது இருக்கட்டும்."

கடைக்காரப் பெண் மூன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள்.